கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம்

1996 டிசம்பர் 4, புதன்

ஏழாவது முறையாக என் பெயர் அச்சில் வந்திருக்கிறது. ‘மனைமணி’ வார இதழ், அறுபத்திரண்டாம் பக்கம், பெட்டிக்குள்: ‘அடிப்பிடித்த பாத்திரத்தில் இரண்டு வெங்காயத்தை நறுக்கிப் போட்டுக் கொதிக்கவைத்தால் கருகல் தானாகப் பெயர்ந்து வரும். வைரமணி, திண்டுக்கல்.’ இவர் படித்துவிட்டு, “பாத்திரத்தை அடிப்பிடிக்காம வச்சுக்கிற குறிப்பு ஒண்ணு இருந்தா அதையும் எழுதிப் போடேன்” என்றார். இருபத்து மூன்று வருடமாகச் சமைத்துப் போடுகிறேன். கிண்டலுக்கு மட்டும் இந்த மனிதரிடம் குறைச்சலே இல்லை.

அதே இதழில் ஓர் அறிவிப்பு. பொங்கல் மலருக்காக ‘செலவில்லாத சுத்தம்’ போட்டி. முதல் பரிசு மிக்ஸி. பெயரோடு புகைப்படமும் போடுவார்களாம். செய்து பார்த்த குறிப்பை மட்டும் அனுப்பவும் என்று நிபந்தனை. மிக்ஸி நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. புகைப்படம்தான் இதுவரை வந்ததில்லை.

டிசம்பர் 7, சனி

காலையிலிருந்து யோசனை. பூஜைப் பாத்திரத்துக்குப் புளி, கண்ணாடிக்குப் பழைய பேப்பர், வெள்ளிக் கொலுசுக்கு விபூதி, சிங்க் நாற்றத்துக்கு ஆப்பசோடாவும் எலுமிச்சைத் தோலும். எல்லாம் ஊரறிந்த சங்கதி. தமிழ்நாட்டில் பாதிப் பேர் இதையேதான் எழுதி அனுப்புவார்கள்.

யாரும் தொடாத இடம் பாத்ரூம். இந்த ஊர் போர்த் தண்ணீரின் உப்பு, சுவரிலும் தரையிலும் சுண்ணாம்பு அடித்தமாதிரி படிந்து கிடக்கிறது. செங்கல்தூள் போட்டுத் தேய்த்தும் அசையவில்லை. அதைப் போக்க ஒரு வழி கண்டுபிடித்தால் புகைப்படம் நிச்சயம்.

பாத்ரூம் கதவு மழையில் ஊதிப்போய் மூன்று வருடமாகச் சாத்த மாட்டேன் என்கிறது. ஒரு சாண் இடைவெளி. சேலையைத் தொங்கவிட்டுத்தான் குளிக்க வேண்டியிருக்கிறது. இன்றும் சொன்னேன். “ஆசாரியை வரச் சொல்றேன்” என்றார். மூன்று வருடமாக அந்த ஆசாரி வந்துகொண்டே இருக்கிறார்.

டிசம்பர் 9, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்!

தொட்டிக்குப் போட வாங்கியிருந்த ப்ளீச்சிங் பவுடரைக் குழைத்துச் சுவரில் அப்பினேன். அதன் மேல் ஆசிட்டைத் தெளித்தேன். புஸ்ஸென்று பொங்கியது. துடைப்பக்கட்டையால் ஒரு இழு இழுத்ததும் பத்து வருட உப்பு சேறாக வழிந்து ஓடியது. சுவருக்கு இப்படியொரு நிறம் இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது.

இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணிலும் தண்ணீர். பனி இறங்கத் தொடங்கிவிட்டது, காலையில் தலைக்கு ஊற்றியிருக்கக் கூடாது.

டிசம்பர் 10, செவ்வாய்

குறிப்பைக் கார்டில் எழுதினேன். பவுடர், ஆசிட், தேய்க்கவும் என்று மூன்றே வரியில் முடிந்துவிட்டது. மொட்டையாக இருந்தது. சோற்றை மூடி வைத்தால்தானே புழுங்கும், இதுவும் அப்படித்தானே இருக்கும் என்று தோன்றியது. ‘கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் தேய்க்கவும். காரம் வெளியே போகாமல் கறையில் இறங்கும்’ என்று சேர்த்தேன். இப்போது படிக்க நன்றாக இருக்கிறது. கீழே ‘செய்து பார்த்து எழுதியது’ என்று போட்டு, போன வருடம் எடுத்த புகைப்படத்தோடு உறையில் வைத்துத் தபாலில் சேர்த்தேன்.

டிசம்பர் 14, சனி

இருமல் விடவில்லை. நெஞ்சுக்குள் மிளகாயை அரைத்து வைத்த மாதிரி எரிகிறது. கற்பூரவல்லிக் கஷாயம், இரண்டு வேளை.

டிசம்பர் 21, சனி

சுகந்தியிடமிருந்து கடிதம். ஒரே மகள், ஆவணியில் கல்யாணமாகித் திருப்பூர் போனவள். இது தலைப்பொங்கல். நாங்கள் சீர் கொண்டுபோக வேண்டும்.

அவள் மாமியார் தெய்வாத்தாள் என்றாலே எனக்குப் பயம். கல்யாணத்தன்று பந்தியில் இலையைத் திருப்பி, அடியில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்த பெண்மணி. போகிக்கு வீடு முழுக்கக் கழுவிவிட வேண்டும் என்று இப்போதே அட்டவணை போட்டிருக்கிறாராம். ‘இங்கேயும் உப்புத் தண்ணீர்தான் அம்மா. பாத்ரூமில் சன்னல்கூடக் கிடையாது, குகை மாதிரி இருக்கும். நீ போட்டிக்கு எழுதியதாகச் சொன்னாயே, பொங்கல் மலர் வரட்டும், அதைச் செய்து காட்டி அத்தையை அசத்திவிடுகிறேன்’ என்று எழுதியிருக்கிறாள்.

என் மகள் என் குறிப்பால் மாமியாரிடம் நல்ல பெயர் எடுக்கப்போகிறாள். படித்துப் படித்துச் சந்தோஷப்பட்டேன். குளிர் நாளில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு வரும். மாத்திரையை மறக்காதே என்று பதில் போட வேண்டும்.

டிசம்பர் 30, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆசிட்காரர் சிக்கந்தர் பாய் இன்று தெருவுக்கு வந்தார். சைக்கிளில் ஆசிட், பினாயில், ப்ளீச்சிங் பவுடர் விற்பவர். கரகரத்த குரலில் அவர் கூவுவது தெருமுனையிலேயே கேட்கும். ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு, “பாய், இதையும் பவுடரையும் சேத்துத் தேச்சா உப்புக்கறை எப்படிப் போகுது தெரியுமா?” என்று பெருமையாகச் சொன்னேன்.

ஸ்டாண்டை எடுத்துக் கிளம்பப் போனவர் அப்படியே நின்றார். “சேத்தா? எத்தனை தடவம்மா செஞ்சீங்க?”

“ஒரு தடவைதான்.”

“கதவு?”

“தொறந்துதான் இருந்துச்சு. அது சாத்தாது.”

“அதான் நின்னு பேசிக்கிட்டிருக்கீங்க” என்றார். பிறகு சைக்கிளைத் தட்டிக் காட்டினார். “இதைப் பாருங்க. பவுடர் மூட்டை முன்னால ஹேண்டில்ல. ஆசிட் கேன் பின்னால கேரியர்ல. நடுவுல நான். பதினாலு வருசமா இப்படித்தான் கட்டுறேன். ஏன்னு நினைச்சீங்க?”

பதினாலு வருடமாக நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருநாளும் கேட்டதில்லை.

“பவுடர் இருந்த டிரம்முல தெரியாம ஆசிட்ட ஊத்திட்டேம்மா. மஞ்சளும் பச்சையுமா ஒரு புகை. விஷம். நானும் மச்சினனும் குடோனுக்குள்ள. கதவு சாத்தியிருந்துச்சு.”

“அப்புறம்?”

“நான் வெளிய வந்துட்டேன்” என்றார்.

கூவிக் கூவிக் குரல் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். “யாருக்காச்சும் ஆயிருச்சுன்னா துணிய நனைச்சு மூக்குல கட்டிக்கிட்டு, ஆளை வெளிக்காத்துக்கு இழுத்துரணும். உள்ள நின்னு யோசிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கார்டு அனுப்பியதை அவரிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

ஒரு வேலையும் ஓடவில்லை. ரசத்தில் உப்பில்லை என்றார். எழுந்து போய்விட்டேன்.

1997 ஜனவரி 2, வியாழன்

எஸ்.டி.டி. பூத்திலிருந்து மெட்ராஸில் ‘மனைமணி’ ஆபீசுக்குப் பேசினேன். எடுத்தவர் உதவி ஆசிரியராம்.

“சார், போட்டிக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருந்தேன். அதைப் போட வேண்டாம்.”

“மலர் அச்சாகி பைண்டிங் போயிடுச்சேம்மா. பாதி ஊருக்குக் கட்டு கிளம்பிடுச்சு.”

“என்னோடது வந்திருக்கா சார்?”

“அது சஸ்பென்ஸ்மா. கடைக்கு வந்ததும் பாருங்க” என்று சிரித்தார்.

அதில் ஒரு சின்னப் பிசகு இருக்கிறது என்று சொன்னேன். அடுத்த இதழில் திருத்தம் போடலாம், கடிதம் எழுதுங்கள் என்றார். என் பங்குக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். விஷம் என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. பூத்துக்கு வெளியே நாலு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள்.

ஆயிரக்கணக்கில் வந்திருக்குமே குறிப்புகள், என்னுடையதையா எடுத்திருக்கப் போகிறார்கள்? முருகா, எடுத்திருக்கக் கூடாது. வாழ்நாளில் முதல் தடவையாகப் பரிசு கிடைக்கக் கூடாதென்று வேண்டிக்கொள்கிறேன்.

ஜனவரி 3, வெள்ளி

சுகந்திக்கு எழுத உட்கார்ந்தேன். ‘என் குறிப்பு தப்பு, அது ஆளைக் கொல்லும்’ என்று எழுதினேன். கிழித்துப் போட்டேன். அங்கே வரும் கடிதத்தை முதலில் பிரிப்பது தெய்வாத்தாள். இதைப் படித்தால் என்ன நினைப்பார்? மருமகளின் அம்மா பத்திரிகையில் பொய் எழுதுகிறவள் என்று நாளைக்கு என் பெண்ணைத்தானே குத்திக்காட்டுவார்.

வேறு மாதிரி எழுதினேன். ‘குளிர் நாளாக இருக்கிறது. உனக்கு இழுப்பு. போகிக்குக் கழுவும்போது நீ ஆசிட் பக்கம் போகாதே. அம்மா மேல் ஆணை.’ இது போதும். மற்றதைச் சீர் கொண்டுபோகும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 6, திங்கள்

தெருவில் யார் இருமினாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

ஜனவரி 9, வியாழன்

முதல் பரிசு.

முழுப் பக்கம். என் புகைப்படம், பச்சைப் பட்டுச் சேலை, எண்ணெய் வழியும் முகம். ‘குளியலறைக்குப் புது வாழ்வு’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. பெட்டிக் கடையில் நின்றே படித்தேன். ‘கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம்’ என்ற வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

தெருவே வீட்டுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு மங்கையர்க்கரசி, “போகிக்கு இதத்தான் செய்யப் போறேங்க்கா” என்றாள். எனக்கு உயிர் போய் வந்தது. “வேணாம்டி, அது நெஞ்சைப் பிடிக்கும், செய்யாத” என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் முகம் சுண்டிவிட்டது. “ஊருக்கெல்லாம் சொல்வீங்க, எங்களுக்குச் சொல்ல மட்டும் மனசு வராதாக்கும்?”

அப்புறம்தான் சொன்னேன், சத்தியம் செய்து, சிக்கந்தர் பாய் கதையையும் சேர்த்து. நம்பினாளா தெரியவில்லை. ஒருத்திக்கே இந்தப் பாடு. இந்த மலர் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும்? அத்தனை வீட்டிலும் திங்கட்கிழமை போகி. அத்தனை பேரும் அன்றைக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கழுவுவார்கள்.

மறுபடி பூத்துக்கு ஓடினேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன், வெளியே நின்றவர்களுக்குக் கேட்கும்படியாகவே. உதவி ஆசிரியர் சிரிக்கவில்லை. “அடுத்த இதழ் பதினாறாம் தேதிதாம்மா” என்றார் கடைசியில். போகி முடிந்து மூன்றாம் நாள்.

ஜனவரி 11, சனி

சுகந்தியின் பதில் வந்தது. ‘நீ சொன்னபடி ஆசிட் பக்கம் போக மாட்டேன், சத்தியம். அத்தையிடமும் சொல்லிவிட்டேன்.’ கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பத்து நாளில் இன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

மீதியை மத்தியானம் படித்தேன். மலரைத் தெருவில் எல்லோரிடமும் காட்டி, ‘எங்க சம்பந்தி’ என்று அத்தை பெருமை அடித்துக்கொள்கிறாராம். நாங்கள் வருவதற்குள் வீட்டைப் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறாராம். நிற்கட்டும். நாளைக் காலையில் போய்விடுவோம், போகி நாளை மறுநாள்தானே. அதற்குள் சொல்லிவிடலாம்.

தந்தி அடிக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். தந்தி என்றால் சாவுச் செய்தி என்று பயந்துவிடுவார்கள். வேண்டாம்.

ஜனவரி 12, ஞாயிறு

திருப்பூர். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

பஸ் தாராபுரம் தாண்டியதும் இவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “சுகந்திக்கு எழுதிட்டியா?” என்றார்.

“ஆசிட் பக்கம் போகாதன்னு எழுதியிருக்கேன்.”

“ஏன்னு எழுதினியா?”

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் கரும்புக் கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார், பஸ்ஸை அவரே தள்ளப் போகிறவர் மாதிரி.

பதினோரு மணிக்கு வீடு. சுகந்தி வாசலுக்கு ஓடி வந்தாள். மாப்பிள்ளை பூபதி பனியன் கம்பெனிக்குப் போயிருந்தார். “அத்தை எங்கடி?” என்றேன்.

“பின்னாடி பாத்ரூம் கழுவுறாங்கம்மா. உனக்கு இழுப்பு, நீ அக்கட்டால போ கண்ணு, உங்கம்மா எழுதுனபடி நானே கழுவிப்போடறேன்னு என்னை முன்னாடி அனுப்பிட்டாங்க. நீ வர்றதுக்குள்ள முடிக்கணுமாம்.”

அப்போதுதான் அந்த நெடி வந்தது. ஒரு மாதம் முன்பு என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்த அதே நெடி.

“வராத! வெளிய போ!” என்று சுகந்தியைத் தெருவுக்குத் தள்ளினேன். முந்தானையைத் தவலைத் தண்ணீரில் முக்கி மூக்கில் கட்டினேன். கதவு உள்ளே தாழ். இவர் மூன்று உதை விட்டார். நல்ல கதவு, உறுதியாகச் சாத்தியிருந்தது. நான்காவது உதைக்குத்தான் தாழ் தெறித்தது.

மஞ்சளாக ஒன்று எங்கள் கால் உயரத்துக்குத் தேங்கி நின்றது. அதற்குள் தெய்வாத்தாள் குப்புறக் கிடந்தார், கையில் துடைப்பக்கட்டையோடு. தாழை எட்டப் பார்த்திருக்கிறார். ஒரு முழம்தான் பாக்கி. ஆளுக்கொரு கையாகப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப் போட்டோம். வாயில் நுரை. மார்பு மேலே போவது தெரிந்தது, கீழே வருவது தெரியவில்லை.

டாக்டர் ஆக்சிஜன் வைத்திருக்கிறார். இரண்டு நாள் போக வேண்டும் என்கிறார்.

பாத்ரூமில் சுவரிலே சோப்பு வைக்கும் மாடத்தில் மலரின் பக்கத்தைக் கிழித்து ஒட்டியிருந்தது. என் புகைப்படம் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

ஜனவரி 13, திங்கள், போகி

ஊரெங்கும் பழைய பாயை எரித்த புகை. வார்டுக்குள் யாரையாவது தூக்கிக்கொண்டு வந்தால், அது பொம்பளையா என்றுதான் முதலில் பார்க்கிறேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒன்று பிரசவம். ஒன்று ஸ்கூட்டர் விபத்து.

சுகந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. கேட்டாள்.

“அம்மா, நம்ம வீட்டு பாத்ரூம் கதவு சாத்தவே சாத்தாதே.”

“ஆமா.”

“அப்புறம் எப்படிம்மா கால் மணி நேரம் சாத்திக்கிட்டு செஞ்சு பாத்த?”

அவள் எழுந்து போய் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

பிழைத்துவிட்டார். காலையில் குழாயை எடுத்தார்கள். ஒருத்தர் மட்டும் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். சுகந்தி என்னைப் பார்த்தாள். நான்தான் போக வேண்டும் என்று எனக்கே தெரிந்தது.

தெய்வாத்தாள் பேசினார். அது அவர் குரலே இல்லை. சிக்கந்தர் பாயின் குரல்.

“வாங்க சம்பந்தி. தலைப்பொங்கலும் அதுவுமா இப்புடிப் பண்ணிப்போட்டனுங்க. நீங்க எழுதுனதச் சரியாப் படிக்காம ஏறுக்குமாறாக் கலக்கிப்போட்டனாட்ட இருக்குதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க.”

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்திருக்கலாம். பதினைந்து நாளாக நான் செய்துகொண்டிருந்தது அதைத்தானே. அந்தக் குரலைக் கேட்டபிறகு முடியவில்லை.

“நீங்க தப்பாக் கலக்கலைங்க. எழுதினபடியே செஞ்சீங்க. நான்தான் முழுசாச் செஞ்சு பாக்காம எழுதினேன். கதவைச் சாத்தணும்ங்கிறது நானாச் சேத்தது. அது விஷம்னு பதினஞ்சு நாள் முன்னாடியே தெரியும். உங்ககிட்ட கௌரவம் போயிரும்னு சுகந்திக்கு ஏன்னு எழுதாம விட்டுட்டேன்.”

எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. திட்டுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவர் மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டார்.

“எம்பட மருமவ உள்ள போயிருந்தா என்னாயிருக்குமுங்க?”

அவ்வளவுதான். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்த அம்மாளை நான் பயந்துகொண்டிருந்தேனே.

ஜனவரி 24, வெள்ளி

நான்கு நாளாகத் திண்டுக்கல்லில். தெய்வாத்தாள் வீடு திரும்பிவிட்டார். குரல் இனி இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுகந்தி கார்டு போடுகிறாள், ‘அத்தை நலம்’ என்று மட்டும். என்னை அம்மா என்று அழைத்து எழுதவில்லை.

இவர் ஆசாரியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து கதவைச் சீவி மாட்டிவிட்டார். இப்போது சாத்துகிறது. நான் சேலையைத் தொங்கவிட்டுத்தான் குளிக்கிறேன்.

பதினாறாம் தேதி இதழில் திருத்தம் வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், ஆறு வரி. மிக்ஸி வேண்டாம் என்று எழுதிப் போட்டேன். அதற்குப் பதில் இல்லை. இன்றைய தபாலில் ‘மனைமணி’யிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. பரிசுக் குறிப்புக்கு வாசகர்கள் எழுதியவை என்று மேலே குறித்திருக்கிறார்கள். எல்லாம் கார்டுகள். எண்ணவில்லை. அஞ்சல் முத்திரை மட்டும் பார்த்தேன். பல ஊர்கள், எல்லாம் பொங்கலுக்குப் பிறகு போட்டவை.

காலையிலிருந்து அந்தக் கட்டு அரிசி டின் மேல் இருந்தது. இப்போது மேலே இருப்பதை எடுத்திருக்கிறேன். தென்காசி. நீல மை, வயதானவர் கையெழுத்து.

‘மதிப்பிற்குரிய சகோதரிக்கு, மலரில் தாங்கள் எழுதியிருந்ததை எங்கள் வீட்டில் போகியன்று செய்து பார்த்தோம்.’

அடுத்த வரியைக் கையால் மறைத்து வைத்திருக்கிறேன்.